672 நானோ விநாடிகளின் கணக்கு

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கல்பாக்கம். அங்கிருந்து கடலை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, திருக்கழுக்குன்றம் வட்டத்தில் இருக்கிறது அணுபுரம். அணுசக்தித் துறை தன் ஊழியர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு இது. 1971இல் உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் விஞ்ஞானிகள், பொறியாளர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள் பலருக்கு இதுதான் வீடு.

இந்த ஊர்க்காரர்களின் தொழிலில் ஊறிப்போன ஒரு பழக்கம் உண்டு. எந்த இயந்திரத்தையும் அதன் நல்ல நாளை வைத்து எடை போடமாட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கல்பாக்கம் கரையில் மோதியது. அலைநீர் சென்னை அணுமின் நிலையத்தின் நீரேற்று அறைக்குள் புகுந்தபோது, மின் உற்பத்தியில் இருந்த 2ஆவது அலகு பத்திரமாக நிறுத்தப்பட்டது. வழக்கமான நாளுக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. மிக மோசமான நாளில் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டுவைத்ததால்தான் நடந்தது.

அதே கேள்வியை இந்த அத்தியாயத்தில் மிகச் சிறிய ஒரு பொருளிடம் கேட்போம். பழைய கணினியால் ஆன ஒரு ஃபயர்வால், அதன் பிராசஸருக்குள் இருக்கும் சில நூறு கிலோபைட் கேச் நினைவகம். இந்த இரண்டுக்கும் உள்ள உறவு, நல்ல நாளில் கண்ணுக்கே தெரியாது. நெருக்கடி வரும் நாளில் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இரண்டு வலைகள்

2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கழகத்தின் கணினியொன்றில் தீநிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4ஆம் தேதியே இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அதைத் தெரிவித்துவிட்டது என்று அது ஒப்புக்கொண்டது. கூடங்குளம் நிலையத்தைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து வந்த அறிக்கை அது. தொற்றிய கணினி நிர்வாகப் பணிகளுக்காக இணையத்தோடு இணைந்த வலையில் இருந்தது, முக்கியமான உள்வலை அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது என்றும் அறிக்கை சொன்னது. அந்தத் தீநிரலின் பெயர் டிட்ராக்.

அணு உலையைக் கட்டுப்படுத்தும் கணினிகளைத் தனி வலையில் வைப்பதன் அருமை இதில் தெரிகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி நிலையம் இதை வேறு விதமாகக் கற்றுக்கொண்டது. 2003 ஜனவரி 25இல் ஸ்லாமர் என்ற புழு உலகெங்கும் பரவியது. நிலையத்தின் ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போன ஓர் ஒப்பந்தக்காரரின் இணைப்பு வழியாக அது உள்ளே நுழைந்தது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி சுமார் ஐந்து மணி நேரம் முடங்கியது. உலை அப்போது பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்ததால் ஆபத்து நேரவில்லை. ஸ்லாமர் எதையும் திருடவில்லை, எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. வலையை வெறும் போக்குவரத்தால் நிரப்பியது, அவ்வளவுதான்.

நம் பள்ளிகள், சிறு அலுவலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், மாணவர் விடுதிகள் எல்லாவற்றிலும் இருப்பது நிர்வாக வலை போன்ற ஒரே வலைதான். அதற்கும் இணையத்துக்கும் நடுவே ஒரு ஃபயர்வால். பல இடங்களில் அது பத்துப் பதினைந்து ஆண்டு பழைய கணினியில் லினக்ஸ் அல்லது பிஎஸ்டி இயங்குதளத்தை நிறுவி ஓடிக்கொண்டிருக்கும். அதன் உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு நேரம்?

இணையத்தில் போகும் எதுவும் பாக்கெட்டுகளாகத்தான் போகிறது. ஈதர்நெட்டில் மிகச் சிறிய சட்டகம் 64 பைட். அதற்கு முன்னால் வரும் 8 பைட் முன்குறியையும், பின்னால் விட வேண்டிய 12 பைட் இடைவெளியையும் சேர்த்தால் 84 பைட், அதாவது 672 பிட். விநாடிக்கு ஒரு கிகாபிட் கடத்தும் கம்பியில் ஒரு பிட்டுக்கு ஒரு நானோ விநாடி. ஆகவே மிகச் சிறிய பாக்கெட்டுகள் இடைவிடாமல் வந்தால் 672 நானோ விநாடிக்கு ஒன்று வீதம் வரும். விநாடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம் பாக்கெட்டுகள்.

பெரிய பாக்கெட்டுகள் வந்தால் நிலைமை வேறு. 1,500 பைட் தரவைச் சுமக்கும் சட்டகங்கள் அதே கம்பியில் விநாடிக்கு 81 ஆயிரத்துச் சொச்சம்தான் வர முடியும். ஒவ்வொன்றுக்கும் 12 ஆயிரம் நானோ விநாடிக்கு மேல் கிடைக்கிறது. ஃபயர்வாலுக்கு முக்கியம் பாக்கெட்டின் தலைப்பகுதிதான். பாக்கெட் பெரிதோ சிறிதோ, செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் விளம்பரத் தாள்களில் பெரிய பாக்கெட்டை வைத்து எடுத்த எண்ணையே அச்சிடுகிறார்கள்.

ஒரு பாக்கெட் வந்ததும் பிராசஸர் என்னென்ன நினைவகப் பகுதிகளைத் தொட வேண்டும் என்று பார்ப்போம். வலை அட்டை எழுதிவைத்த குறிப்பு ஒன்று. பாக்கெட்டின் தலைப்பகுதி ஒன்று. அந்தப் பாக்கெட்டைப் பற்றி இயங்குதளம் வைத்துக்கொள்ளும் விவரம் ஒன்று. பிறகு இணைப்பு அட்டவணை. யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஃபயர்வால் எழுதிவைத்திருக்கும் பட்டியல் அது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இரு பக்கத்துப் போர்ட் எண்கள், நெறிமுறை ஆகிய ஐந்தையும் வைத்து அதில் தேட வேண்டும். இதற்கே இரண்டு மூன்று இடங்களைத் தொட நேரும். கடைசியாக, எந்த வழியே அனுப்புவது என்ற விவரம், வெளியேறும் அட்டைக்கான குறிப்பு. மொத்தம் எட்டு இடங்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய கணினிகளில் ராம் நினைவகத்துக்குப் போய்வர ஏறக்குறைய 100 நானோ விநாடி ஆகும். எட்டு இடங்களுக்கும் ராமுக்கே ஒவ்வொரு முறையும் போக நேர்ந்தால் 800 நானோ விநாடி. கையில் இருப்பதோ 672. கணக்கு இங்கேயே இடிக்கிறது, எதை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் விதிகளில் ஒன்றைக்கூட இன்னும் சரிபார்க்கவில்லை.

கேச் செய்யும் வேலை

சமைப்பவர் ஒவ்வொரு தாளிப்புக்கும் பரணில் ஏறிக் கடுகு எடுப்பதில்லை. அன்றாடம் வேண்டியதை அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். பிராசஸருக்கு ராம் பரண், கேச் அஞ்சறைப் பெட்டி.

கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் இந்த யோசனையை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். 1968இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தது 16 கிலோபைட் கேச். இன்டெல்லின் மேசைக் கணினிப் பிராசஸர்களில் 1989இன் 486தான் முதன்முதலாகத் தனக்குள்ளேயே 8 கிலோபைட்டை வைத்தது. பிறகு எல்1 என்ற சிறிய, மிக வேகமான கேச்சும், எல்2 என்ற பெரிய, சற்றே மெதுவான கேச்சும் வழக்கமாயின.

நமக்குக் கிடைத்த நல்ல சோதனைப் பொருள் 2003–2004 காலத்தில் இன்டெல் வெளியிட்ட மடிக்கணினிப் பிராசஸர்கள். மின்சாரம் குறைவாகத் தின்பதாலும் சூடு குறைவு என்பதாலும் அவை ஃபயர்வால் பெட்டிகளிலும் ஏறின. முதல் பென்டியம் எம்மில் எல்2 கேச் 1 மெகாபைட். விலை குறைந்த செலரான் எம்மும் அதே வடிவமைப்புதான், ஆனால் எல்2 பாதி, 512 கிலோபைட். மின்சிக்கனத்துக்காக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதியும் அதில் இல்லை. 2004இல் வந்த அடுத்த பென்டியம் எம்மில் எல்2 2 மெகாபைட் ஆனது. கணக்கிடும் பகுதி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, கேச் மட்டும் ஒன்று, இரண்டு, நான்கு என்று பெருகுகிறது. கேச் அளவின் விளைவைத் தனியே பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வரிசை அமையாது.

இந்தப் பிராசஸர்களில் எல்2 கேச்சைத் தொட்டுவர சுமார் 10 கடிகாரச் சுழற்சி. 1.3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது 8 நானோ விநாடிக்கும் குறைவு. நம் எட்டு இடங்களில் இரண்டுக்கு, அதாவது வலை அட்டை அப்போதுதான் ராமில் எழுதிய குறிப்புக்கும் தலைப்பகுதிக்கும், அந்தக் கால இயந்திரத்தில் ராமுக்குப் போயே ஆக வேண்டும். மற்ற ஆறும் கேச்சில் இருந்தால் மொத்தம் 250 நானோ விநாடிக்குள் முடியும். எல்லாம் ராமில் என்றால் 800. மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். பிராசஸரின் கடிகார வேகத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டினாலும் இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. ராம் வேகமாகாதவரை பிராசஸர் வேகமாகக் காத்திருக்கும், அவ்வளவே.

எத்தனை இணைப்புகள் கொள்ளும்?

இணைப்பு அட்டவணையில் ஒரு பதிவின் முழு அளவு மென்பொருளைப் பொறுத்தது. பிஎஸ்டி உலகத்து பிஎஃப் ஃபயர்வாலில் ஒரு பதிவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோபைட் ராம் என்று கணக்கு வைப்பது வழக்கம். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அதில் சில வரிகள்தான் தொடப்படும். பிராசஸர் கேச்சை நிரப்புவது 64 பைட் கொண்ட வரிகளாக. ஒரு பதிவுக்கு நான்கு வரி என்றால் 256 பைட். முழு எல்2வையும் இதற்கே கொடுத்தால்கூட, 512 கிலோபைட்டில் 2,048 இணைப்புகள் கொள்ளும். 2 மெகாபைட்டில் 8,192. உண்மையில் இயங்குதளத்தின் நிரலும் கேச்சில் இடம் பிடிப்பதால் இதைவிடக் குறையும்.

இந்த எண்களைக் கொண்டு மூன்று நிலைமைகளைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் சில நூறு இணைப்புகள். அது சிறிய கேச்சிலும் அடங்கும், பெரியதிலும் அடங்கும். பணம் கொடுத்துப் பெரிய கேச் வாங்கியவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இருநூறு மாணவர்கள் கைபேசியோடு இருக்கும் விடுதியில் சில ஆயிரம் இணைப்புகள் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். சிறிய கேச் இங்கே ததும்பத் தொடங்குகிறது, பெரியது தாங்கிக்கொள்கிறது. பிராசஸரை மட்டும் மாற்றிய பெட்டி புதிது போல ஓடத் தொடங்குவது இந்த நடுவெளியில்தான். மூன்றாவது, லட்சக்கணக்கில் இணைப்புகள் குவியும் நாள். அன்று இரண்டும் நிரம்பி வழியும்.

அந்த மூன்றாவது நாளைத்தான் அணுபுரத்துப் பொறியாளர் முதலில் கேட்பார்.

கேச்சைக் கெடுப்பவை

தொட்டதையே மறுபடி தொடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கேச் வேலை செய்கிறது. சாதாரண நாளில் அது பொய்ப்பதில்லை. ஒரு காணொளியைப் பார்ப்பவரின் ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகள் அட்டவணையின் ஒரே பதிவைத்தான் தேடி வரும்.

ஸ்லாமர் இந்த நம்பிக்கையின் அடியையே தகர்த்தது. அதன் முழு உடலும் 376 பைட், தலைப்புகளோடு 404 பைட் கொண்ட ஒரே யுடிபி பாக்கெட். பாதிக்கப்பட்ட கணினி, தோராயமாகப் பொறுக்கிய முகவரிகளுக்கு அதை இடைவிடாமல் அனுப்பியது. தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒரு முறை தொற்று இரட்டிப்பானது. பத்து நிமிடத்தில் சிக்கக்கூடிய கணினிகளில் 90 சதவீதம் சிக்கிவிட்டன. உள்ளேயிருக்கும் ஒரு கணினி இப்படிப் பீய்ச்சினால் நடுவில் இருக்கும் ஃபயர்வாலுக்கு ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு புதிய பெறுநர், ஒரு புதிய பதிவு. எதையும் இரண்டாம் முறை தொட வாய்ப்பில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் ராம். அதோடு நிற்காமல், ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தவர்களின் பதிவுகளையும் கேச்சிலிருந்து அது வெளியே தள்ளிவிடும். பாதிக்கப்படாதவர்களும் சேர்ந்து மெதுவாகிறார்கள்.

இரண்டாவது கேடு, நாமே சேர்த்துவைக்கும் விதிகள். லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் விதிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒரு விதிக்கு 150 பைட்டாவது ஆகும். ஆயிரம் விதி என்றால் 150 கிலோபைட். புதிய இணைப்பு ஒன்று எந்த விதியிலும் பொருந்தாமல் கடைசிவரை போனால் அத்தனையும் கேச் வழியாக ஓடும். 1998இன் செலரான் 300ஏ பிராசஸரில் எல்2 கேச்சே 128 கிலோபைட்தான். அதில் இந்தப் பட்டியல் ஒரு முறை ஓடினால் வேறு எதுவும் மிஞ்சாது.

கேச் கைகொடுக்காத இடங்கள்

பழைய பெட்டி மெதுவாக இருந்தால் குற்றம் எப்போதும் கேச்சுடையது அல்ல. வலை அட்டை பழைய 32 பிட் பிசிஐ துளையில் இருந்தால், அந்தப் பாதையின் உச்ச வேகமே விநாடிக்கு 133 மெகாபைட், அதாவது ஏறக்குறைய ஒரு கிகாபிட். உள்ளே வருவதும் வெளியே போவதும் அதையே பகிர வேண்டும். எவ்வளவு பெரிய கேச் இருந்தாலும் முழு கிகாபிட்டைக் கடத்த அங்கே வழியில்லை.

விபிஎன்னுக்கான ஏஇஎஸ் மறையாக்கமும் இப்படித்தான். அதற்கு வேண்டிய முக்கிய அட்டவணைகள் 4 கிலோபைட்டில் அடங்கிவிடும். எல்1 கேச்சே போதும். அங்கே தேவைப்படுவது கணக்கிடும் வேகம். 2010இல் இன்டெல் பிராசஸர்களில் ஏஇஎஸ்ஸுக்கென்றே தனிக் கட்டளைகள் வந்தபோதுதான் அது பெரிதாக மாறியது.

மறுமுனையில் ஸ்னார்ட் போன்ற ஊடுருவல் கண்டறியும் மென்பொருள்கள் இருக்கின்றன. பாக்கெட்டின் உடல் முழுவதையும் ஆயிரக்கணக்கான அடையாளங்களோடு அவை ஒப்பிட வேண்டும். அவற்றின் அட்டவணைகள் பழைய பிராசஸரின் எந்தக் கேச்சிலும் அடங்குவதில்லை.

அறிவால் ஈடுகட்டியவர்கள்

கேச்சை வளர்க்க முடியாதபோது வேலையின் வரிசையை மாற்றலாம் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஜெஃப்ரி மோகலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாக்கெட்டுகள் அளவுக்கு மீறி வரும்போது ஒவ்வொன்றும் பிராசஸரை இடைமறிக்கிறது. இடைமறிப்புகளுக்குப் பதில் சொல்வதிலேயே நேரம் முழுவதும் கரைந்து, ஒரு பாக்கெட்டைக்கூட வெளியே அனுப்ப முடியாமல் போகிறது. இயந்திரம் ஓயாமல் உழைக்கும், பலன் சுழியம். நெரிசலின்போது இடைமறிப்பை அணைத்துவிட்டு, பிராசஸரே போய் ஒரு கற்றை பாக்கெட்டுகளை எடுத்து வர வேண்டும் என்பது அவர்கள் சொன்ன தீர்வு. லினக்ஸின் நாப்பி என்ற ஏற்பாடு இந்த யோசனையின் வழியில் வந்தது.

கற்றையாக எடுப்பதில் கேச்சுக்கும் லாபம் உண்டு. ஒரே வேலையைப் பல பாக்கெட்டுகளுக்கு அடுத்தடுத்துச் செய்தால், அந்த வேலைக்கான நிரல் முதல் பாக்கெட்டுக்கு மட்டும் கேச்சுக்குள் வந்தால் போதும். சிஸ்கோவில் பிறந்து 2016இல் திறந்த மூல மென்பொருளான விபிபி இதையே அடிப்படையாகக் கொண்டது. 256 பாக்கெட்டுகள் வரை ஒரே கற்றையாக அது கையாளும்.

இணைப்பு அட்டவணைக்கும் ஒரு மருந்து கிடைத்தது. போலியான டிசிபி தொடக்கக் கோரிக்கைகளால் அட்டவணையை நிரப்பும் தாக்குதல் 1996இல் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தை முடக்கியது. அதே ஆண்டு டி.ஜே. பெர்ன்ஸ்டைன் வகுத்த முறையில், எதிர்முனை உண்மையானது என்று தெரியும்வரை எந்தப் பதிவையும் எழுதவே வேண்டாம். தேவையான விவரத்தைப் பதிலின் வரிசை எண்ணுக்குள்ளேயே பொதிந்து அனுப்பிவிடலாம். எழுதாத பதிவு கேச்சைக் கெடுக்காது.

மோசமான நாளுக்கான அளவுகோல்

அணு உலைகளின் கட்டுப்பாட்டில் பழைய பிராசஸர்களை நீண்ட காலம் வைத்திருப்பது வழக்கம். கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலைக்காக இந்திரா காந்தி மையம் உருவாக்கிய கணினி அட்டைகளில் மோட்டோரோலா 68020 இடம்பெற்றது. 1984இல் வந்த பிராசஸர் அது. அதில் இருந்த கேச் 256 பைட், அதுவும் கட்டளைகளுக்கு மட்டும். இத்தகைய வேலையில் எவ்வளவு வேகமாக முடியும் என்று யாரும் கேட்பதில்லை. அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகும் என்பதே கேள்வி. கேச் சராசரியைக் குறைக்கும், உச்சத்தைக் குறைப்பதாக உறுதி தராது. அதனால் பாதுகாப்புக் கணினிகளை வடிவமைப்பவர்கள் கேச்சில் எதுவும் கிடைக்காத நிலையையே கணக்கில் வைக்கிறார்கள்.

ஃபயர்வாலுக்கும் இந்த ஒழுக்கம் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அளக்கும் முறை 1999இலேயே ஆர்எஃப்சி 2544 என்ற ஆவணத்தில் எழுதிவைக்கப்பட்டுவிட்டது. 64 பைட்டில் தொடங்கி 1,518 பைட் வரை ஏழு அளவுகளில் சோதிக்கச் சொல்கிறது அது. விற்பவர் கடைசி அளவின் முடிவை மட்டும் காட்டினால், முதல் அளவின் முடிவைக் கேளுங்கள். விநாடிக்கு எத்தனை புதிய இணைப்புகளை ஏற்கும், ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் இருக்கும்போது அந்த வேகத்தை அளந்தார்கள் என்றும் கேளுங்கள்.

பழைய பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உபயோகப்படாத விதிகளை நீக்குங்கள், அதிகம் பொருந்தும் விதிகளை மேலே ஏற்றுங்கள். நீண்ட முகவரிப் பட்டியல்களை ஐபிசெட் போன்ற தொகுப்புகளாக மாற்றுங்கள். ஓர் உள் கணினி எத்தனை இணைப்புகள் திறக்கலாம் என்பதற்கு வரம்பு வையுங்கள், ஸ்லாமர் போன்ற ஒன்று வந்தால் அட்டவணையைத் தின்னவிடாமல் அது தடுக்கும். அதே துளையில் பெரிய கேச் உள்ள பிராசஸர் பொருந்துமென்றால், கடிகார வேகத்தை விட அதற்கு முன்னுரிமை கொடுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை. செய்து முடித்த பிறகு 64 பைட் பாக்கெட்டுகளை வைத்து ஒரு முறை அளந்து, கிடைக்கும் எண்ணைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். உங்கள் ஃபயர்வாலின் உண்மையான திறன் அந்த எண்தான்.